102 நாட்களும் ஒரு திருப்திப் படிவமும்

மே மாதக் கடைசியில் என் மேசைமேல் இரண்டு கட்டுகள் சேரும். ஒன்று, ஓட்டல்களில் தொழிற்பயிற்சி முடித்துத் திரும்பிய இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழுப்பு நிற உறைகள். மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேர்க்கைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சகத்திலிருந்து வந்திறங்கும் வழவழப்பான கையேடுகள். கையேட்டின் அட்டையில் உயரமான வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் கோட்டும் டையும் அணிந்த ஒரு பெண் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்பார். உறைகளுக்குள் இருப்பவற்றுக்கும் இந்த அட்டைப் படத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கேட்டரிங் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன்; அவற்றில் ஒன்பது ஆண்டுகள் பயிற்சி ஒருங்கிணைப்பாளராகவும் இருந்திருக்கிறேன். அதாவது அந்த இரண்டு கட்டுகளுக்கும் பொறுப்பாளி நான்தான்.

உறைக்குள் மூன்று வகைக் காகிதங்கள் இருக்கும். ஓட்டல் தரும் சான்றிதழ் ஒன்று. ஒவ்வொரு பிரிவின் தலைவரும் மாணவரை மதிப்பிட்டுக் கையெழுத்திட்ட படிவங்கள் நான்கு. மாணவர் ஓட்டலை மதிப்பிட்டு நிரப்பும் திருப்திப் படிவம் ஒன்று. இந்தக் கடைசிப் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் ‘மிகவும் திருப்தி’ தொடங்கி ‘திருப்தியே இல்லை’ வரை ஐந்து கட்டங்கள் உண்டு. அதை வடிவமைத்தவளும் நான்தான். முதல் சில ஆண்டுகள் அந்தப் படிவங்களைக் கூட்டிக் கழித்து, எங்கள் மாணவர்கள் பயிற்சியில் பெரும் திருப்தி அடைந்திருக்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதி, தர மதிப்பீட்டுக் குழுவினர் வந்தபோது எடுத்துக்காட்டியும் இருக்கிறேன்.

ஒரு வருடம் அந்த நம்பிக்கை உடைந்தது. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்றே கால் மணிக்கு ஒரு மாணவன் தொலைபேசியில் அழைத்தான். பேங்க்வெட் எனப்படும் விருந்துக் கூடத்தில் திருமண வரவேற்பு முடிந்து, முந்நூற்றுச் சொச்சம் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் பணியாளர் நுழைவாயிலில் நிற்பதாகவும், விடுதிக்குக் கொண்டுபோய்விட வரவேண்டிய வண்டி வரவில்லை என்றும், காலை ஏழு மணிக்கு மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். குரலில் அழுகை இல்லை. “மேடம், நான் ஊருக்கே போயிடட்டுமா?” என்று மட்டும் கேட்டான். மறுநாள் ஓட்டலின் எச்.ஆர். என்னும் மனிதவளப் பிரிவோடு பேசி ஒருவழியாகச் சமாளித்து, அவனை அங்கேயே இருக்க வைத்தேன். மே மாதம் அவனுடைய உறையைத் திறந்து பார்த்தால், பன்னிரண்டு கேள்விகளுக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று ஒரே சாய்வில் பன்னிரண்டு டிக். அழைத்துக் கேட்டேன். “அந்தப் படிவத்தையும் எச்.ஆர்.லதானே மேடம் சீல் வாங்கணும்” என்றான்.

அவன் சொன்னதன் முழுப் பொருளும் புரிய, இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்திய அளவில் இந்தப் படிப்புக்கு அச்சாக இருப்பது, 1982இல் அமைக்கப்பட்டு நொய்டாவிலிருந்து இயங்கும் தேசிய ஓட்டல் மேலாண்மை மற்றும் கேட்டரிங் தொழில்நுட்பக் கவுன்சிலின் பாடத்திட்டம். சென்னை தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை நிறுவனம் (ஐ.எச்.எம்.) போன்ற அரசு நிறுவனங்கள் இக்கவுன்சிலின் கீழ் வருகின்றன. எங்களைப் போலப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனியார் கல்லூரிகள் அதையே சற்று மாற்றிக் கடைப்பிடிக்கிறோம். அதன்படி மூன்றாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுவதும் ஓட்டலில் கழிய வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 17 வாரங்கள், மொத்தம் 102 வேலை நாட்கள். அந்த நாட்களை உணவுத் தயாரிப்பு, உணவு பரிமாறல், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங், வரவேற்பைக் கவனிக்கும் முன் அலுவலகம் ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். மதிப்பெண்ணில் 20 விழுக்காடு ஓட்டலின் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்தும், எஞ்சிய 80 விழுக்காடு மாணவர் திரும்பி வந்து குழுவின்முன் வழங்கும் கருத்துரையிலிருந்தும் வரும். நான்கு பிரிவுத் தலைவர்களிடமும் அந்தப் படிவத்தை நிரப்பி வாங்கி வருவது மாணவருடைய பொறுப்பு என்றே விதி சொல்கிறது.

இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பேன். இருபது விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கையெழுத்துக்காகப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சமையலறைத் தலைவரான எக்சிகியூட்டிவ் செஃப்பின் அறைக்கு வெளியே மூன்று நாள் காத்திருக்கிறான். “நாளைக்கு வா” என்பார். நாளைக்குப் போனால் அவருக்கு வார விடுமுறையாக இருக்கும். கையெழுத்துக்கு நடக்கும் அந்தக் கடைசி வாரத்தில்தான் அவன் கையில் திருப்திப் படிவமும் இருக்கிறது. தன்னை மதிப்பிடப் போகிறவரைத் தான் மதிப்பிட்ட தாளை ஒரே உறையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரியும் ஒருவனிடம் திருப்தியா என்று கேட்டால், வேறு என்ன பதில் வரும்? அங்கே உண்மையை எழுதும் பிள்ளை ஒன்று துணிச்சல்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையாக இருக்க வேண்டும்.

நான் பயிற்சிக்குப் போனது 2003இல். எங்கள் ஊர் கரூர் பக்கம். ‘ஓட்டல்’ என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் பேருந்து நிலையத்து இட்லிக் கடை என்று மட்டுமே பொருள் இருந்தது. “பொண்ணு எந்த ஓட்டல்ல சர்வரா இருக்கு?” என்று பெரியம்மா கேட்டதற்கு என் அப்பா பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இடம் கிடைத்தது. மாதம் ஐந்நூறு ரூபாய் உதவித்தொகை, ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு செட் சீருடை. சமையலறையில்தான் முதலில் போட்டார்கள். கல்லூரிச் சமையல்கூடத்தில் ஆளுக்கு ஒரு கேரட்டைக் கொடுத்து, மூன்று மில்லிமீட்டர்ச் சதுரமாக, ‘புருன்வாஸ்’ என்று பிரெஞ்சுப் பெயர் சொல்லி நறுக்கப் பழக்கியிருந்தார்கள். ஓட்டலில் வெங்காயம் மூட்டையில் வந்தது. முதல் வாரம் முழுவதும் தோல் உரித்தேன். இரண்டாம் வாரம் நறுக்கினேன். மூன்றாம் வாரம் மறுபடி உரித்தேன். அடுப்புப் பக்கம் போகவில்லை. செஃப் என்னை “ஏய் டிரெய்னி” என்பார். பதினொரு பேர் டிரெய்னியாக இருந்ததால் பதினொரு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

பிறகு ஹவுஸ்கீப்பிங்குக்கு மாற்றினார்கள். அங்கே மேரி அக்கா என்று நாங்கள் கூப்பிட்ட அறைப் பணியாளர் ஒருவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை அவர் கணக்கு. நான் உடன் இருந்தால் வேலை தாமதமாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முதல் நாள் முதல் அறையில் என்னைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, விரிப்பை இரு கையாலும் பிடித்து ஒரே உதறலில் விரித்துக் காட்டினார். சலவையில் இஸ்திரி போட்டு மடித்தபோது விழுந்த நடுக்கோடு மெத்தையின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. “இந்தக் கோடு நடுவுல விழுந்துட்டா ரெண்டு பக்கமும் தானா சரியா வரும். கட்டிலச் சுத்திச் சுத்தி ஓட வேண்டாம் கண்ணு” என்றார். பிறகு மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடித்துச் செருகுவது. தொங்கும் துணியை மெத்தைமேல் தூக்கிப்போட்டு, கீழே எஞ்சியதை முதலில் உள்ளே செருகி, மேலே கிடப்பதை இறக்கி, அதையும் செருக வேண்டும். நான் செருகியதை அவர் பிரித்துப்போட்டார், மறுபடி செய்தேன், மறுபடி பிரித்தார். நான்காவது முறை பிரிக்கவில்லை. குளியலறையில் குழாயைக் கடைசியாக உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் காய்ந்த பிறகு புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றார். இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இருந்ததுதான், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் பத்தாவது நாள் அவர் சாவிக் கொத்திலிருந்து கதவைத் திறந்துவிட்டு, “இந்த ரூமை நீயே முடி, நான் அடுத்ததுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனபோது எனக்குள் ஏற்பட்டது என்னவோ, அதைத்தான் பின்னாளில் நான் படிவத்தில் ‘திருப்தி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப் பார்த்தேன்.

வேலையின் கடினத்தை வைத்துப் பார்த்தால் சமையலறையைவிட ஹவுஸ்கீப்பிங்தான் எனக்கு முதுகை ஒடித்தது. ஆனால் படிப்பு முடிந்து வேலைக்குப் போக வாய்ப்பு வந்தபோது ஹவுஸ்கீப்பிங்கையே தேர்ந்தெடுத்து ஆறு ஆண்டுகள் அதில் இருந்தேன். என்னோடு பயிற்சிக்கு வந்து சமையலறையில் கமி எனப்படும் நல்ல இளநிலைச் சமையல்காரர் ஒருவரிடம் மாட்டிய தோழி இன்றைக்குத் துபாயில் செஃப். ஹவுஸ்கீப்பிங்கில் அவளுக்குக் கிடைத்தவரோ நடைபாதைப் பித்தளையைத் துலக்கவிட்டு நான்கு வாரமும் ஓட்டினார். ஒரே ஓட்டல், ஒரே பருவம். ‘அந்த ஓட்டலில் பயிற்சி எப்படி?’ என்று எங்கள் இருவரிடமும் கேட்டால் எங்கள் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. படிவம் ஓட்டலை மதிப்பிடச் சொல்கிறது. மாணவர் அனுபவிப்பதோ பிரிவை, அதிலும் ஷிஃப்டை, அதிலும் தன்னை உடன் நிறுத்திக்கொண்ட ஒருவரை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் உதவித்தொகை குறைவுதான் பிரச்சினை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் மாணவர்களுக்கு இப்போது மாதம் 3,000 முதல் 7,000 ரூபாய் வரை கிடைக்கிறது. சில இடங்களில் சாப்பாடு மட்டும்தான். இதே சமையலறையில் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிந்து ஒருவர் வேலை கற்றால், அவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2019இல் விதிகளைத் திருத்தியபோது பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், அரசே ஈடு செய்தது. கல்லூரி அனுப்பும் மாணவருக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் இருப்பதில்லை. பாடத்தின் ஒரு பகுதியாகத்தானே வந்திருக்கிறார் என்ற கணக்கில், எவ்வளவு கொடுப்பது என்பது ஓட்டலின் விருப்பமாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வெங்காயத்தை நறுக்கும் இருவரில் ஒருவருக்குச் சட்டம் இருக்கிறது, மற்றவருக்கு மதிப்பெண் இருக்கிறது. இது சரியல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் அதிகம் கொடுத்த ஓட்டல்களிலிருந்து வந்தவர்கள் அதிகத் திருப்தியோடு வந்ததாக என் ஒன்பதாண்டு அனுபவம் சொல்லவில்லை. நேர்மாறாகச் சில சமயம் நடந்திருக்கிறது. கொஞ்சம் நல்ல தொகை கொடுக்கும் இடம், அந்தத் தொகைக்கு ஆள் வேலை எதிர்பார்க்கிறது. ஆள் குறைந்த பிரிவில் டிரெய்னியை நிறுத்திவிட்டு அங்கிருந்து நகர்த்துவதில்லை. திருமண முகூர்த்தக் காலமான தை, மாசி, பங்குனியில்தான் எங்கள் நான்காம் பருவமும் வருகிறது. பேங்க்வெட்டுக்கு ஆள் வேண்டும், டிரெய்னி இருக்கிறான். நான்கு வாரம் என்று தொடங்கியது ஒன்பது வாரம் ஆகிறது. முன் அலுவலகத்துக்கு அவன் போய்ச் சேர்வதே இல்லை. ஆனாலும் உறையில் முன் அலுவலக மேலாளரின் கையெழுத்திட்ட மதிப்பீட்டுப் படிவம் இருக்கும். அதில் ‘விருந்தினரை அணுகும் முறை: நன்று’ என்றும் எழுதியிருக்கும். பார்த்தே இராத மாணவனுக்கு நன்று போட்டவர் கெட்ட மனிதர் அல்ல. பையனின் மதிப்பெண் போய்விடக் கூடாதே என்ற இரக்கத்தில்தான் போடுகிறார். நானும் அதே இரக்கத்தில்தான் கண்டும் காணாமல் கோப்பில் சேர்க்கிறேன்.

லாக் புக் கதையும் இப்படித்தான். தினமும் என்ன கற்றேன் என்று எழுதிப் பிரிவு மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஏடு அது. ஒரு வருடம் இரண்டு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஓட்டல்களில் பயிற்சி எடுத்த இருவரின் லாக் புக்கிலும் மார்ச் 11ஆம் தேதி ‘ஹாலண்டைஸ் சாஸ் திரிந்துபோவதைச் சரிசெய்யக் கற்றேன்’ என்று இருந்தது. முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்த்துப் பக்குவமாகச் செய்யும் சாஸ் அது. இருவரும் விடுதி அறையில் மூத்த மாணவர் ஒருவருடைய பழைய ஏட்டைப் பார்த்து ஒரே இரவில் எழுதியது என்று விசாரித்ததில் தெரிந்தது. கோபம் வரவில்லை, ஹாலண்டைஸைத் தேர்ந்தெடுத்த மூத்தவரை நினைத்துச் சிரிப்புதான் வந்தது. வெங்காயம் உரித்தேன் என்று பதினேழு வாரமும் எழுதினால் நாங்கள் மதிப்பெண் போடமாட்டோம் என்பதை அவர் சரியாகவே கணித்திருக்கிறார்.

இந்த அதிருப்தி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. முதுகலைக்காகப் படித்தபோது கிடைத்த ஆய்வுகள் எனக்கு ஒருவித ஆறுதலையும் தந்தன, சங்கடத்தையும் தந்தன. ஸ்காட்லாந்தில் பாரன், மேக்ஸ்வெல் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் தொழிலைப் பற்றி நல்ல எண்ணத்தோடு இருந்ததும், வேலை அனுபவம் பெற்றுத் திரும்பியவர்களிடம் அந்த எண்ணம் வெகுவாகத் தேய்ந்திருந்ததும் தெரிந்தது. ஹாங்காங் மாணவர்களை வைத்து லாம், சிங் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், பயிற்சிக்கு முன்பு எதிர்பார்த்ததைவிடப் பயிற்சியில் கண்டது குறைவாகவே இருந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே அதிருப்தி என்பது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை. அப்படியானால் கணக்கில் இரண்டு பக்கம் இருக்கிறது. கிடைப்பதை ஓட்டல் தருகிறது. எதிர்பார்ப்பை யார் தருகிறார்கள்?

நான்தான் தருகிறேன். மே, ஜூன் மாதங்களில் சேர்க்கை மேசையில் உட்கார்ந்து, எதிரே தயங்கி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் அந்தக் கையேட்டைத் திருப்பிக் காட்டி, “இரண்டாவது வருஷமே ஃபைவ் ஸ்டார்ல டிரெய்னிங் போயிடுவான் சார், கையில காசும் வரும்” என்று சொல்வது நான்தான். கப்பல் வேலை, வெளிநாடு, டாலர் சம்பளம் எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்து போகும். பாத்திரம் கழுவும் பகுதி வராது. பத்து மணி நேரம் நிற்க வேண்டும் என்பது வராது. 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தபோது வகுப்பில் அதைப் பற்றிப் பேசினோம், அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “நமக்கு எப்ப மேடம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் மூன்று மாதங்களுக்கு முன்புதான் பயிற்சி முடித்து வந்திருந்தாள். கணுக்கால் வீக்கத்துக்காக இன்னும் ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தாள்.

ஆகவே ஓட்டல்களைக் குறை சொல்வதற்குமுன், கையேட்டை நாங்கள் திருத்தியிருக்க வேண்டும். ஒருமுறை முயன்றேன். அட்டையில் ஒரு மாணவி கண்ணாடிக் கோப்பை துடைக்கும் படத்தைப் போடலாம் என்று சொன்னேன். கோப்பையைக் கொதிநீர் ஆவியில் காட்டி, துணியால் கிண்ணப் பகுதியைப் பிடித்துக்கொண்டு உள்ளும் புறமும் துடைப்பது அழகான வேலை. அடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திருகினால் தண்டு ‘டக்’கென்று ஒடிந்து கையைக் கிழித்துவிடும், அதனால் அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. நிர்வாகத்தில், “இதைப் பார்த்தா எந்தப் பேரண்ட்ஸ் ஃபீஸ் கட்டுவாங்க மேடம்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

என்னால் மாற்ற முடிந்தது படிவத்தைத்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கொரோனா முடிந்து பயிற்சி மறுபடி ஒழுங்காகத் தொடங்கிய சமயத்தில், பழைய படிவத்தைக் கோப்புக்காக மட்டும் வைத்துக்கொண்டு வேறொன்றைத் தயாரித்தேன். அதை உறையோடு சேர்ப்பதில்லை. மதிப்பெண் எல்லாம் பதிவேறி முடிந்த பிறகு, ஐந்தாம் பருவத்தின் இரண்டாவது மாதத்தில், வகுப்பறையில் பெயர் எழுதாத வெள்ளைத் தாளாகக் கொடுக்கிறேன். திருப்தி என்ற சொல் அதில் இல்லை. ஐந்தே கேள்விகள். பக்கத்தில் யாரும் இல்லாமல் நீங்களாகச் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யார், அவர்களுடைய வேலை என்ன. நீங்கள் கேட்டும் போக முடியாத பிரிவு எது. இரவில் எத்தனை மணிக்கு வீடு அல்லது விடுதி சேர்ந்தீர்கள், எப்படிச் சேர்ந்தீர்கள். அடுத்த ஆண்டு உங்கள் தம்பியோ தங்கையோ அங்கே போவதாக இருந்தால் என்ன சொல்லி அனுப்புவீர்கள்.

தாள்கள் திரும்பி வந்தபோது, பல ஆண்டுகளாக மாணவர்களோடு பழகியும் எனக்குத் தெரியாதிருந்த விஷயங்கள் அவற்றில் இருந்தன. முதல் கேள்விக்குச் சிலர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். காலை உணவு பஃபேயில் ஆம்லெட் போடும் மேசையைத் தனியே பார்த்துக்கொண்டது. ரஷ்யாவிலிருந்து வந்த தம்பதிக்குச் சைகையாலேயே மகாபலிபுரம் போக வழி சொன்னது. தந்தூர் அடுப்பில் ‘நான்’ ரொட்டி ஒட்டக் கற்றுக் கை மயிர் கருகியது. சிலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். 102 நாளில் தனியாகச் செய்த ஒரு வேலைகூட அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தத் தாள்களின் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்: “போக வேண்டாம் என்று சொல்வேன்.” உழைப்பு அதிகம், தூக்கம் இல்லை, கால் வலி என்பதெல்லாம் இரு தரப்பாரின் தாளிலும் இருந்தன. வலியைப் பற்றி எழுதியும் தம்பியை அனுப்புவேன் என்றவர்கள் முதல் கேள்விக்கு ஏதோ ஒன்றை எழுதியிருந்தவர்கள்.

ஓட்டலின் நட்சத்திர எண்ணிக்கையும் இதில் நான் நினைத்தபடி வேலை செய்யவில்லை. பல கிளைகள் கொண்ட பெரிய ஓட்டலில் இடம் கிடைக்காமல், ஏற்காட்டில் நாற்பது அறை கொண்ட ஒரு விடுதிக்கு ஒரு மாணவியை அரை மனதோடு அனுப்பினேன். சான்றிதழில் பெரிய பெயர் இருக்காதே என்று அவளுடைய அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். அங்கே ஆள் குறைவு. ஆகவே அவள் காலையில் வரவேற்பில் நின்றாள், மதியம் உணவுக் கூடத்தில் பரிமாறினாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் வராதபோது இருபத்தெட்டுப் பேருக்குக் காலை உணவுக்குப் பொறுப்பேற்றாள். திரும்பி வந்து குழுவின்முன் அவள் பேசியபோது, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வளாக நேர்காணலில் முதல் சுற்றிலேயே அவளைக் கழித்தார்கள். நேர்காணலுக்கு வந்தவர்கள் சான்றிதழின் மேல்பகுதியில் அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தார்கள். எனவே சிறிய ஓட்டலுக்குப் போங்கள், நிறையக் கற்கலாம் என்று மாணவர்களிடம் என்னால் மனசாட்சியோடு சொல்லவும் முடியவில்லை. அவள் இப்போது கொடைக்கானலில் ஒரு விடுதியின் துணை மேலாளர் என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் நடப்பதல்ல.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யார் என்பதற்கு, நான் எதிர்பார்த்தது செஃப்கள், மேற்பார்வையாளர்கள், எச்.ஆர். அலுவலர்கள். வந்த பதில்களில் பாதுகாவலர், சலவைக்கூட அண்ணன், ஸ்டாஃப் கேண்டீனில் சோறு போடுகிற அக்கா ஆகியோர் நிறைய இருந்தார்கள். ஒரு தாளில், ‘பாத்திரம் கழுவும் தாத்தா. தினமும் சாப்பிட்டியா என்று பெயர் சொல்லிக் கேட்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது’ என்று இருந்தது. அன்றிரவு வீட்டில் மேரி அக்காவின் முழுப் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லை நினைவிருக்கிறது. அதில் மேரிக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தது. அது எந்த எழுத்து என்று நினைவில்லை.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டு முதல் ஒரு காரியம் செய்கிறேன். மாணவர்களை அனுப்புமுன் ஒவ்வொரு ஓட்டலிடமும் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்கிறேன்: எந்த வாரம் எந்தப் பிரிவு என்ற சுழற்சி அட்டவணை ஒன்று, ஒவ்வொரு பிரிவிலும் மாணவர் யாருடைய பொறுப்பில் இருப்பார் என்ற பெயர் ஒன்று. பதவி போதாது, பெயர் வேண்டும் என்று அடிக்கோடிட்டுக் கேட்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் வேலை முடிந்தால் வாகன ஏற்பாடு உண்டா என்பதையும் சேர்த்திருக்கிறேன். முதலில் சிரித்தார்கள். “கல்யாண சீசன்ல இதெல்லாம் நடக்கிற காரியமா மேடம், உங்களுக்குத் தெரியாததா?” என்றார் ஓர் எச்.ஆர். அலுவலர், அவரும் ஒரு காலத்தில் எங்கள் மாணவர்தான். தெரியும் என்றுதான் சொன்னேன். பேங்க்வெட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆறாவது வாரத்துக்கு மேல் போனால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சென்ற பருவத்தில் அவரிடமிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. மூன்றாவதில், பையனை முன் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார்.

நாங்கள் மாணவர்களை அனுப்பும் ஓட்டல்கள் இப்போது ஆறு. அவற்றில் நான்கிலிருந்து அட்டவணையும் பெயர்களும் வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே மனிதரின் பெயரை எழுதியிருக்கிறார்கள், அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற இரண்டிலிருந்து பதிலே இல்லை. அவர்களுக்கு இனி ஆள் அனுப்பமாட்டோம் என்று எழுதிவிடலாம் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் பட்டியலை எடுத்து எண்ணினார். அந்த இரண்டு ஓட்டல்களிலும் சேர்த்துப் பதினான்கு இடம் இருக்கிறது. பதினான்கு பிள்ளைகளை ஜனவரிக்குள் வேறு எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்று கேட்டார். அந்தக் கடிதம் இன்னும் என் கணினியில் அனுப்பப்படாமல் கிடக்கிறது. ஏற்காட்டு விடுதிக்கும், அதைப்போல் வேறு நான்கு சிறிய விடுதிகளுக்கும் தலைக்கு இரண்டு இடம் கேட்டு வேறொரு கடிதம் எழுதி நேற்று அனுப்பியிருக்கிறேன்.